செல்லப் பிராணி வாழும் வீட்டுக்குத் தூசு உறிஞ்சும் ரோபோ தேவையா?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

செக் நாட்டு நாடகாசிரியர் காரல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகத்தின் வாயிலாகத்தான் ‘ரோபோ’ என்ற சொல் உலகுக்குக் கிடைத்தது. அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் ஜோசப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள். நாடகத்தில் வரும் ரோபோக்கள் மனிதனை எதிர்த்துக் கலகம் செய்து மனித குலத்தையே அழித்துவிடுகின்றன. நூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. இன்று நகரத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கும் ரோபோவோ கலகம் எதுவும் செய்யவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்து நாய் மயிரைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது!

கவிழ்த்து வைத்த தாம்பாளம் போன்ற வட்ட உருவம். குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ., உயரம் 10 செ.மீ. அடியில் சக்கரங்களும் சுழலும் தூரிகையும்; உள்ளே மின்கலமும் உறிஞ்சும் மோட்டாரும். விலை பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் தொடங்கி ஓர் இலட்சத்தையும் தாண்டுகிறது. ‘நாய், பூனை வளர்ப்போருக்கென்றே தயாரிக்கப்பட்டது’ என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இந்த முழக்கத்தை அப்படியே நம்பிவிடலாமா? சில வீடுகளுக்கு இது பயன்படும், பல வீடுகளுக்குப் பயன்படாது என்பதே என் கருத்து. பயன்படும் வீடுகளிலும் எந்த விளம்பரத்திலும் வராத ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தூசு உறிஞ்சும் கருவியின் வரலாறு சுவையானது. 1901இல் இலண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் செய்த கருவியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அவ்வளவு பெரியது. குதிரை வண்டியில் வைத்து இழுத்து வந்து தெருவிலே நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே விட்டுத் தூசியை உறிஞ்சுவார்களாம். கையில் பிடித்துத் தள்ளத்தக்க மின்சாரக் கருவிக்கு 1908இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அவர் விஞ்ஞானியல்லர், ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு ஆகவில்லை. ஆகவே மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்துத் தமக்காக ஒன்றைச் செய்துகொண்டார். அந்த உரிமையை வாங்கியவர் பெயர் ஹூவர். உலகம் அறிந்த பெயர் ஹூவர்தான். பெருக்கியவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

தானே ஓடும் கருவியைச் சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் 1990இல் தொடங்கிய ஐரோபோட் நிறுவனம் ‘ரூம்பா’வை வெளியிட்டது. தொடக்க காலக் கருவிகள் முட்டி மோதித் திரும்பும் குருட்டு வண்டிகள். இப்போது வருவன லேசர் கதிரைச் சுழற்றி, அது சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தை அளந்து, வீட்டின் வரைபடத்தையே தயாரித்து வைத்துக்கொள்கின்றன. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே வியப்பு உண்டு.

ஆனால் அதே இயற்பியலைக் கொண்டு விளம்பரத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ‘20,000 பாஸ்கல் உறிஞ்சு திறன்!’ என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது 1,01,325 பாஸ்கல். ஆக 20,000 என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சு குழலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்த வேறுபாட்டால் நீரை ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் ஏற்றலாம். 2,500 பாஸ்கல் என்றால் 25 செ.மீ. மட்டுமே. இதைக் கேட்டவுடன் பெரிய எண்தான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் இந்த எண் வாயை அடைத்துவிட்டு அளப்பது. அந்த நேரத்தில் காற்றோட்டமே கிடையாது. மயிரை வாரிக்கொண்டு போவது ஓடும் காற்று. வெறும் அழுத்தம் அன்று. அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கினால்தான் செய்யப்படும் வேலை கிடைக்கும். கையால் தள்ளும் கருவிகள் பெரும்பாலும் ஆயிரம் வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கின்றன. இந்தச் சிறு மின்கல வண்டி ஐம்பது வாட் அளவிலேயே ஓடுகிறது. எண்ணை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் இந்த வேறுபாடு மறைந்துவிடாது.

குளிர் நாடுகளின் வீடுகளில் தரை முழுதும் கம்பளம். கம்பளத்தின் இழைகளுக்குள் நாய் மயிர் தைத்தாற்போல் சிக்கிக்கொள்ளும். அதை இழுக்க வலு வேண்டும். நம் வீட்டுத் தரையோ டைல்ஸ், மொசைக், சிமெண்டு. மயிர் மேலாகவே கிடக்கும். மின்விசிறி போட்டால் தானே பறந்து மூலைக்குப் போய்ச் சேரும். எனவே நம் நாட்டில் பாஸ்கல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அதைவிடத் தூரிகை எப்படிப்பட்டது, தூசுப் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே அறிவுடைமை.

ஏனெனில் நாய் வளர்க்கும் வீட்டில் கருவியைத் தோற்கடிப்பது தூசியன்று, மயிர். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் ஆகிய இனங்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம். அடி அடுக்கு மெத்தென்று பஞ்சுபோல் இருக்கும். குளிருக்காக இயற்கை கொடுத்தது. அதைக் கொண்டுவந்து வியர்வை வடியும் ஊரில் மூன்றாம் மாடியில் வைத்தால், உதிர்க்காமல் அது என்ன செய்யும்? 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நம் இராசபாளையம் நாய்க்கும், சிப்பிப்பாறை நாய்க்கும் ஒட்டிய குட்டை மயிர். அவையும் உதிர்க்கத்தான் செய்யும், ஆனால் துடைப்பத்துக்கு அடங்கும். முதலில் சீமை நாயை வாங்குவது, பிறகு அதன் மயிரைப் பொறுக்கச் சீமை ரோபோவை வாங்குவது! இது வரிசை மாறிய சிந்தனை என்று எனக்குப் படுகிறது. இருக்கட்டும், வந்துவிட்ட நாயைத் தெருவில் விடச் சொல்லும் கல்நெஞ்சன் அல்லன் நான்.

நீண்ட மயிர் தூரிகையின் உருளையில் நூற்கண்டு போலச் சுற்றிக்கொள்கிறது. இரு முனைகளிலும் உள்ள அச்சுக்குள் புகுந்தால் உருளையே நின்றுவிடும். முட்தூரிகைக்கு மாற்றாக வந்திருக்கும் ரப்பர் உருளையில் சுற்றுவது குறைவு. அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தூசுப் பெட்டி பல கருவிகளில் அரை லிட்டர்கூடப் பிடிப்பதில்லை. மயிருக்கு எடை இல்லை, இடம் மட்டும் நிறைய வேண்டும். ஆதலால் பாதி வீடு முடிவதற்குள் பெட்டி நிரம்பிவிடும். பெட்டியைத் தானே காலி செய்யும் நிலையத்துடன் வரும் கருவிகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பை இலவசமன்று.

அடுத்து வருவது நாகரிகம் கருதி விளம்பரங்கள் மெல்லச் சொல்லும் ஒன்று. நாய்க்குட்டி வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால் என்ன ஆகும்? லேசர் கதிர் பெரும்பாலும் கருவியின் உச்சியிலுள்ள சிறு கோபுரத்திலிருந்து புறப்பட்டுத் தரைக்கு இணையாகப் போவது. அதற்குக் கீழே கிடப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கத்து முட்டுத் தடுப்போ கடினமான பொருள் பட்டால்தான் உணரும். ஆகவே கருவி அதன்மேல் ஏறி, தூரிகையால் வாரி, சக்கரத்தால் தேய்த்து, வீடு முழுவதும் கோலம் போட்டுவிடும். 2016இல் அமெரிக்காவில் ஒரு வீட்டில் இப்படி நடந்து, வீட்டுக்காரர் எழுதி வெளியிட்ட புலம்பல் உலகெங்கும் பரவியது. 2021இல் ஐரோபோட் நிறுவனம் கேமரா பொருத்திய ஒரு கருவியை வெளியிட்டு, நாயின் கெட்டியான கழிவை இது தவிர்க்கத் தவறினால் மாற்றுக் கருவி தருவோம் என்றே உறுதிமொழி கொடுத்தது. அதைப் பயிற்றுவிப்பதற்காகப் பொறியாளர்கள் விளையாட்டு மாவில் போலிக் கழிவுகளைப் பிடித்து வைத்தார்களாம். பொறியியல் பட்டம் பெற்றுப் பிடிக்க வேண்டியதைப் பாருங்கள்! ‘கெட்டியான’ என்ற சொல்லையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்குக்கு உறுதிமொழி கிடையாது.

கேமரா வந்தவுடன் வேறொரு தொல்லையும் உடன் வந்தது. 2020இல் வளர்ச்சி நிலையிலிருந்த சில சோதனைக் கருவிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், பெயரிட்டு வகைப்படுத்தும் கூலி வேலைக்காக வெனிசுவேலா நாட்டுத் தொழிலாளர்களுக்குப் போய், அங்கிருந்து இணையத்தில் கசிந்தன. கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றுள் ஒன்று. 2022 டிசம்பரில் ‘எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ’ இதனை வெளிப்படுத்தியது. சோதனைக்கு உடன்பட்டவர்களின் வீடுகள்தாம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. 2024 மே மாதத்தில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் எக்கோவாக்ஸ் என்னும் சீன நிறுவனத்தின் கருவிகளுக்குள் யாரோ கள்ளத்தனமாகப் புகுந்து, ஒலிபெருக்கி வழியே வசைமாரி பொழிந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டில் கருவி நாயைத் துரத்தித் துரத்தி ஓட்டியது. வாயில்லா ஜீவனுக்காக வாங்கிய பொருள் வாயில்லா ஜீவனையே விரட்டுகிறது! லேசரில் மட்டும் ஓடும் கருவிக்கு இந்தப் படப் பயம் இல்லை. கழிவைத் தவிர்க்கும் அறிவும் இல்லை. குட்டி வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழகிவிட்டதென்றால் கேமரா இல்லாததே போதும் என்பேன்.

பூனை வளர்ப்போர் பெரும்பாலும் ஒவ்வாமையை எண்ணி இதை வாங்குகிறார்கள். தும்மலுக்கும் மூச்சிரைப்புக்கும் காரணம் பூனையின் மயிரே என்று நினைக்கிறோம். அன்று, ‘ஃபெல் டி 1’ என்னும் ஒரு புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருப்பது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது மயிரில் ஏறி, காய்ந்து, நுண்துகளாகிக் காற்றில் மிதக்கும். நாள்தோறும் தரையைச் சுத்தம் செய்வது ஓரளவு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பூனை தரையிலா படுக்கிறது? சோபாவில், மெத்தையில், மடித்து வைத்த துணிமேல்! அங்கெல்லாம் ரோபோ ஏறாது. பூனைதான் ரோபோவின் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. மேலும் வடிகட்டி மட்டமாக இருந்தால், முன்னே உறிஞ்சிய நுண்துகளைப் பின்னே ஊதிவிடும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ‘ஹெப்பா’ வடிகட்டி என்று சொன்னால் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள மூடி காற்றுப் புகாதபடி பொருந்தியும் இருக்க வேண்டும். நாய் வீட்டில் உண்ணித் தொல்லைக்கு இது மருந்து என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்ணி சுவர் இடுக்கிலும் கதவு மூலையிலும் முட்டையிடுவது. வட்டமான கருவி சதுர மூலைக்கே போக முடியாது, இடுக்குக்கு எங்கே போவது?

நம் வீடுகளின் அமைப்பும் இதற்கு ஒத்துவர வேண்டும். பெரும்பாலான கருவிகள் 2 செ.மீ. மேட்டைத்தான் ஏறிக் கடக்கும். பழைய வீட்டு நிலைப்படிகள் அதற்கு இமயமலை. இன்னொன்று: நம்மில் பலர் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள். 2015இல் தென் கொரியாவில் தரையில் படுத்துறங்கிய ஒரு பெண்மணியின் கூந்தலைத் தூசு உறிஞ்சும் ரோபோ இழுத்துக்கொண்டது. தீயணைப்புப் படையினர் வந்து விடுவிக்க நேர்ந்தது. அதற்கு நாய் மயிரும் மனிதக் கூந்தலும் ஒன்றுதான். நாயின் வாலும் அவ்வாறே. தரையில் ஆள் படுத்திருக்கும் வேளையில் இதை ஓடவிடக் கூடாது.

நிற்க. பின்னர் பார்ப்போம் என்று சொன்ன கணக்குக்கு வருகிறேன். அதைச் சொல்ல எனக்குச் சற்று உரிமை உண்டு. என் தாயார் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். அவற்றுள் ஒன்றில் ஒரு லாப்ரடார் நாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டார் முப்பதாயிரம் ரூபாய்க்கு ரோபோ ஒன்று வாங்கினர். அந்த மாதமே, ‘இனிப் பெருக்கும் வேலை இல்லையே’ என்று அம்மாவின் சம்பளத்தில் 500 ரூபாய் குறைக்கப்பட்டது. வேலை இல்லாமற் போயிற்றா? நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்க்க வேண்டும். மின்சார ஒயர்களைச் சுருட்டி வைக்க வேண்டும். நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் வண்டி அதை இடித்துக் கவிழ்த்து ஈரத்தில் மயிரைக் குழைத்துவிடும். அது ஓடி முடித்தபின் மூலைகளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். உருளையைக் கழற்றிக் கத்தரிக்கோலால் மயிரை அறுத்தெடுக்க வேண்டும். வடிகட்டியைத் தட்ட வேண்டும். முன்பு நாற்பது நிமிடம் பிடித்த வேலை இப்போது இருபத்தைந்து நிமிடம் பிடிக்கிறதென்று அம்மா சொல்கிறார். பதினைந்து நிமிடம் மிச்சம், உண்மைதான்.

அம்மாவுக்கு அந்தக் கருவிமேல் கோபம் இல்லை. அதை ‘ஆமை’ என்று அழைக்கிறார். கட்டிலுக்கடியில் குனிந்து தவழ வேண்டியதில்லை, முழங்கால் பிழைத்தது என்கிறார். துடைப்பத்தால் கூட்டும்போது மூக்கில் ஏறும் நாய் மயிரும் இப்போது குறைவு. ஸ்பாங்ளர் எதற்காகத் தமது கருவியைச் செய்தாரோ அந்தப் பயன் அம்மாவுக்கும் கிடைத்திருக்கிறது. அவர் கேட்டது அந்த 500 ரூபாயைத்தான். நெடுநாள் கேட்டு 300 திரும்ப வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய்க் கருவி ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 500 ரூபாய். அம்மாவின் சம்பளத்தில் குறைக்கப்பட்ட தொகையும் அதே 500! அப்படியானால் அந்த வீட்டு ரோபோவைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருந்தவர் யார்? மின்சாரச் செலவு பெரிதன்று, 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தில் அடங்குவது 75 வாட் மணி. ஒரு யூனிட்டில் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஓடும், மின்னேற்றத்தில் வீணாவதைக் கழித்துப் பத்து நாள் என்று கொள்ளலாம். செலவெல்லாம் உருளை, வடிகட்டி, மின்கலம் ஆகியவற்றை மாற்றுவதிலும், கருவியைப் பராமரிக்கும் மனித நேரத்திலும்தான். அந்த மனித நேரத்தை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வீட்டுக்குள் எத்தனையோ இயந்திரங்கள் வந்தும் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூலே எழுதினார். வீட்டு வேலை செய்வோரும் தொழிலாளரே, மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமைகள் அவர்களுக்கும் உண்டு என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது நல்ல செய்தி. ஆயினும் ரோபோ வந்தால் சம்பளம் என்ன ஆகும் என்பது இன்றைக்கும் கூடத்தில் நின்றபடியே முடிவாகிறது, ஒரு பக்கத்தார் சொல்ல மறுபக்கத்தார் கேட்டுக்கொள்ள.

ஒரே தளமுள்ள வீடு, வழுவழுப்பான தரை, உயரமில்லாத நிலைப்படி, நிறைய உதிர்க்கும் நாய் அல்லது பூனை, வெளியே போய்ப் பழகிய பிராணி, குனிய முடியாத முதியவர் அல்லது குனிந்து குனிந்து தேய்ந்த பணிப்பெண்: இவை பொருந்தினால் வாங்கலாம், பணம் வீண் போகாது. வாங்குவோர் உதவியாளின் சம்பளத்தைத் தொடாமல் வாங்கட்டும். மிச்சமாகும் பதினைந்து நிமிடம் அவருக்கே இருக்கட்டும். சிறு குட்டி உள்ள வீட்டார் ஓராண்டு பொறுக்கலாம். படி நிறைந்த ஓட்டு வீட்டுக்கு, ஆடும் கோழியும் சுதந்திரமாக உலவும் எங்கள் ஊர் வீடுகளுக்கு, இதன் பேச்சே வேண்டாம்.

கடைக்குப் போகிறவர்கள் பாஸ்கல் எண்ணைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். மாற்று உருளையும் வடிகட்டியும் இந்த ஊரில் கிடைக்குமா? உருளையைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்ற முடியுமா? கடைக்காரரையே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். செல்பேசிச் செயலி இல்லாமல், மேலேயுள்ள பொத்தானை அழுத்தினாலே ஓடுமா? இது முக்கியம். ரூம்பாவைப் பெற்றெடுத்த ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போய், தனக்குக் கருவிகள் செய்து கொடுத்துவந்த சீன நிறுவனத்தின் கைக்குப் போக நேர்ந்தது. நிறுவனம் ஆட்டம் கண்டால் செயலியும் ஆட்டம் காணும். பொத்தான் இருக்கும் கருவி அப்போதும் கட்டிலுக்கடியில் போகும். பொத்தான் இல்லை என்று சொன்னால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.